வெளிநாட்டில் உள்ளூர்ச் சாப்பாடு: குமரி மாவட்டப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளைகுடாவில் விசைப்படகு வேலைக்குப் போகும் கடலோரத்தார், அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகும் பெற்றோர், எருசலேமுக்குப் புனிதப் பயணம் போகும் சபையார், ஹஜ், உம்ரா செல்வோர், விடுமுறைக்குத் தாய்லாந்து, மலேசியா, இலங்கை என்று சுற்றி வருவோர் என, குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுபவர்களில் பல வகையினர் உண்டு. சாப்பாட்டைப் பற்றி இவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றுக்கான விடைகள் இங்கே ஒரே இடத்தில் தரப்படுகின்றன.

வெளிநாட்டுச் சாப்பாடு நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. காரமும் எண்ணெயும் மாறுவதால் ஒரு நாள் வயிறு மந்தமாகலாம். ஆனால் பயணத்தின்போது வரும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் கிருமிதான். அதிலும் ஈ-கோலை என்ற பாக்டீரியாவின் நச்சு சுரக்கும் வகையே முன்னணியில் நிற்கிறது. அதற்கு அடுத்தபடியாக காம்பைலோபாக்டர், ஷிகெல்லா, சால்மொனெல்லா, நோரோ வைரஸ் ஆகியவை வருகின்றன. இவை எல்லாம் அசுத்தமான கை, அசுத்தமான நீர், அரைகுறையாக வெந்த உணவு ஆகியவற்றின் வழியாகவே வயிற்றுக்குள் போகின்றன. ஊரில் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்பவருடைய உடல், ஊரில் உலவும் கிருமிகளுக்குத்தான் ஓரளவு பழகியிருக்கிறது. பாங்காக்கிலோ கெய்ரோவிலோ இருக்கும் கிருமிகளுக்கு அவரும் புதியவர்தான்.

பொதுவாக நினைவில் வைக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இருக்கும் சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆவி பறக்கப் பறக்க வரும் உணவும், குளிர்பெட்டியிலிருந்து சில்லென்று வரும் உணவும் இந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. வெதுவெதுப்பாக வருவது எதுவோ அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் தெருக்கடைகளைத் தவிர்த்துவிட்டு நட்சத்திர ஹோட்டலில் சாப்பிடுவது நல்லதா?

கடையின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பினாங்கில் ஒரு தள்ளுவண்டிக்காரர் உங்கள் கண்முன்னே பெருந்தீயில் நூடுல்சைப் புரட்டி, சட்டியிலிருந்து நேராகத் தட்டில் கொட்டித் தருகிறார். பெரிய ஹோட்டலின் காலை பஃபேயில் முட்டைப் பொரியலும் கோழித் துண்டும் இரண்டு மணி நேரமாக மங்கலான விளக்கின் கீழ் இருக்கின்றன, நூறு பேர் ஒரே கரண்டியைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தள்ளுவண்டியைத்தான் சொல்வோம்.

ஆனால் தள்ளுவண்டியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பணத்தை வாங்கும் அதே கையால் உணவைத் தொடுகிறாரா, தட்டுகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறாரா, வெந்த இறைச்சியைப் பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலேயே நறுக்குகிறாரா என்று இரண்டு நிமிடம் நின்று பார்த்தாலே போதும், வேண்டிய அளவுக்குத் தெரிந்துவிடும். உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து வரிசையில் நிற்கும் கடையில் பண்டம் தேங்குவதில்லை. சூடான உணவின் மேல் கடைசியில் தூவும் பச்சை இலையும், மேசையில் நாள் முழுவதும் திறந்து கிடக்கும் சட்னி, சாஸ் கிண்ணங்களும்தான் பலரும் கவனிக்காமல் விடும் இடங்கள்.

இங்கிலாந்தில் உணவகங்களுக்கு 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் தரப்படுகிறது. பல கடைகள் அதைக் கதவில் ஒட்டியிருக்கும். நியூயார்க் நகரில் ஏ, பி, சி என்று எழுத்தில் இருக்கும். உள்ளே நுழையும் முன் அதை ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் கடற்கரைக்காரர்கள், மீனைப் பார்த்தாலே நல்லதா கெட்டதா என்று தெரியும். எங்களுக்கும் மீனில் ஆபத்து உண்டா?

உண்டு. எங்கள் கணிப்பில், குமரி மாவட்டத்தார் வெளிநாட்டில் அதிகம் கவனக்குறைவாக இருப்பது மீன் விஷயத்தில்தான். குளச்சலிலும் முட்டத்திலும் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். அது நல்ல பழக்கம்தான். ஆனால் வெளியூர் உணவகத்தில் தட்டில் வரும் துண்டில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. அதைவிட முக்கியமாக, கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாத இரண்டு நச்சுகள் மீனில் உண்டு.

முதலாவது ஹிஸ்டமின். சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருக்கிறது. பிடித்த மீனை உடனே ஐசில் வைக்காமல் வெயிலில் விட்டால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் போகாது. மீனின் மணமும் தோற்றமும் சரியாகவே இருக்கக்கூடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து சூடேறும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பு அரிக்கும். சிலருக்குச் சாப்பிடும்போதே மிளகைக் கடித்ததுபோல் நாக்கு எரியும். அப்படி எரிந்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும், ஒவ்வாமைக்கான ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும் உதவும். மூச்சுத் திணறல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை அனுபவித்த பலர் தமக்கு மீன் ஒவ்வாமை வந்துவிட்டதென்று நினைத்து மீனையே விட்டுவிடுகிறார்கள். அதற்கு அவசியம் இல்லை. டப்பாவில் வரும் சூரைக்கும் இது பொருந்தும்: திறந்த டப்பாவை அறையில் வெளியே வைத்துவிட்டு மறுநாள் சாப்பிடக் கூடாது.

இரண்டாவது சிகுவாட்டெரா. பவளப்பாறைகளில் வளரும் நுண்பாசி ஒன்றின் நச்சு, சிறு மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்கு ஏறி, அங்கே சேர்ந்துகொண்டே போகிறது. பசிபிக் தீவுகள், கரீபியன் பகுதி, இந்தியப் பெருங்கடலின் பவளத் தீவுகள் ஆகிய இடங்களில் பிடிபடும் பெரிய சீலா, களவா, செப்பிலி வகை மீன்களில் இது இருக்கலாம். சமையலால் இது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு, உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும், குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றுவதும் இதன் தனி அடையாளம். இந்த நரம்புத் தொல்லை வாரக்கணக்கில் நீடிக்கலாம். பவளத் தீவுகளில் விடுமுறை கழிப்பவர்கள் பெரிய பாறைமீனையும், குறிப்பாக அதன் தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றையும் தவிர்ப்பது நல்லது. தலைக்கறி நமக்கு உயிர் என்பது தெரியும், இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேத்தை மீனின் கொடிய நச்சைப் பற்றிக் கடலோரத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் அதை உரிமம் பெற்ற சமையல்காரர்கள் மட்டுமே பரிமாறுகிறார்கள். வேறு எங்கும் யார் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

சூஷி போன்ற பச்சை மீனைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

முறையான உணவகத்தில் கடல்மீன் சூஷி சாப்பிடலாம். கடல்மீனில் இருக்கும் அனிசாகிஸ் புழுவைக் கொல்ல மீனை ஆழமாக உறைய வைக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரி செல்சியசில் 7 நாள் என்பது அமெரிக்க வழிகாட்டலில் உள்ள ஓர் அளவு. வீட்டுக் குளிர்பெட்டியை நம்பி நண்பர்கள் அறையில் செய்து பார்ப்பதற்கு இது ஏற்றதல்ல.

நன்னீர் மீன் பச்சையாக வந்தால் ஒதுக்கிவிடுங்கள். வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோசிலும் ஆற்றுமீனைப் பச்சையாக நறுக்கி எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து சாப்பிடும் வழக்கம் உண்டு. அதன் வழியே உடலுக்குள் போகும் ஈரல் தட்டைப்புழு, ஆண்டுக்கணக்கில் பித்தநாளத்தில் தங்கி, அங்கே புற்றுநோய்க்கும் காரணமாகிறது. எலுமிச்சைப் புளிப்போ மிளகாய்க் காரமோ புழுவைக் கொல்வதில்லை. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டு பச்சை நன்னீர் மீன் உணவால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமித் தொற்று பரவியது. கெண்டை வகை ஒன்றும் நம் விராலுக்கு உறவான தோமான் என்ற மீனும் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில், உடனே உண்ணும் உணவாக நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதை அந்நாடு தடை செய்தது. சுகாதாரத்துக்குப் பேர்போன ஊரிலேயே இப்படி நடந்தது.

சிப்பியை நாம் வேகவைத்தே சாப்பிடுகிறோம். மேலை நாடுகளில் ஆளி என்னும் ஆய்ஸ்டரை ஓட்டோடு திறந்து பச்சையாக உறிஞ்சுகிறார்கள். மஞ்சள் காமாலையின் ஏ வைரஸ், நோரோ வைரஸ், விப்ரியோ பாக்டீரியா ஆகிய மூன்றும் அதில் வரலாம். ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் மது அதிகம் குடிப்பவர்களுக்கும் விப்ரியோ உயிரையே எடுக்கும்.

தண்ணீர், ஐஸ், பழம்: எதை நம்பலாம்?

சிங்கப்பூர், ஜப்பான், மேற்கு ஐரோப்பா, அமெரிக்கா, கனடா ஆகிய இடங்களில் குழாய் நீரைப் பொதுவாகக் குடிக்கலாம். சந்தேகமான ஊரில் மூடி உடையாத பாட்டில் நீர், அல்லது நன்கு கொதித்த நீர். குமிழ் தளதளவெனக் கிளம்பிய பின் 1 நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலையூர்களில் 3 நிமிடம் வேண்டும். ஐஸ் என்பது அதே தண்ணீர்தான். உறைவதால் கிருமி சாவதில்லை. பல் துலக்குவதற்கும் இது பொருந்தும். கட்டன்சாயா என்னும் பால் சேர்க்காத சூடான தேநீர் கிடைக்கும் இடத்தில் அதைவிடப் பாதுகாப்பான பானம் இல்லை.

தோல் உரித்துச் சாப்பிடும் பழங்களை, கை கழுவிவிட்டு நீங்களே உரித்துச் சாப்பிடலாம். நம் மட்டிப்பழம் கிடைக்காவிட்டாலும் வாழைப்பழம் இல்லாத நாடு கிடையாது. வெட்டி அடுக்கி வைத்த பப்பாளி, தர்பூசணித் துண்டுகளில் கத்தியும் கையும் தெளித்த நீரும் எப்படிப்பட்டவை என்று தெரியாது. இளநீரை உங்கள் முன் வெட்டினால் குடிக்கலாம்.

மதுவைப் பற்றி ஒரே ஒரு வரி: 2024 நவம்பரில் லாவோசின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள், இலவசமாகவோ மலிவாகவோ ஊற்றித் தரும் சாராயத்தை எந்த நாட்டிலும் தொடக் கூடாது.

வளைகுடாவில் அறையில் நாலைந்து பேர் சேர்ந்து சமைக்கிறோம். லாஞ்ச் என்னும் விசைப்படகிலும் சமையல்தான். எங்களுக்கு என்ன ஆபத்து?

வெள்ளிக்கிழமை ஒரே நாளில் பெரிய சட்டியில் கறி வைத்து வாரம் முழுவதும் சாப்பிடுவதுதான் பல அறைகளில் நடக்கிறது. ஆறட்டும் என்று இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவிட்டுக் காலையில் குளிர்பெட்டியில் வைப்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. சமைத்ததை அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் 1 மணி நேரத்துக்குள். கோடையில் காரின் டிக்கியில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். 3 அல்லது 4 நாளுக்கு மேல் வேண்டியதை உறைபெட்டியில் வைப்பதே சரி.

சோற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கின்றன, சோறு வேகும்போதும் சாவதில்லை. குக்கரில் மூடி வைத்த சோறு வெதுவெதுப்பில் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு போகாது. ஊரில் பழங்கஞ்சி குடிக்கிறோமே என்று கேட்பார்கள். நீர் ஊற்றிப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலம் பல கிருமிகளை அடக்கி வைக்கிறது. மூடிய குக்கரில் நீரின்றி வெறுமனே கிடக்கும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

லாஞ்சில் போகிறவர்கள் மீனுக்குப் போடும் ஐசை உடைத்துக் குடிநீரில் போடுவதை அறவே விட வேண்டும். அது குடிப்பதற்காகச் செய்த ஐஸ் இல்லை. குடிநீர்க் கேன்களை டீசல் கேன்களிலிருந்து தள்ளி, மூடி வைத்து, குவளையை உள்ளே முக்காமல் சாய்த்து ஊற்றிக் குடிக்க வேண்டும்.

ஒட்டகப் பால் உடம்புக்கு நல்லது என்று அங்கே கொடுக்கிறார்கள். குடிக்கலாமா?

காய்ச்சியதோ பாஸ்டரைஸ் செய்ததோ என்றால் குடிக்கலாம். பச்சைப் பாலில் புருசெல்லோசிஸ் வரும். வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று ஆளை முடக்கிவிடும். கடும் மூச்சுத் தொற்றை உண்டாக்கும் மெர்ஸ் வைரசும் ஒட்டகத்தோடு தொடர்புடையது என்பதால், பச்சைப் பாலையும் வேகாத ஒட்டக இறைச்சியையும் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

எருசலேம் பயணத்தில் மூன்று நாடுகள் போகிறோம். ஒரே விதமாக நடந்துகொண்டால் போதுமா?

போதாது. இஸ்ரேலில் குழாய் நீர் குடிக்கத் தகுந்தது, காலை உணவில் வரும் பச்சைக் காய்களையும் பொதுவாகச் சாப்பிடலாம். எகிப்துக்குள் நுழைந்ததும் பாட்டில் நீருக்கும் நன்கு வெந்த உணவுக்கும் மாறிவிட வேண்டும். அங்கே சாலட் வேண்டாம். ஜோர்தானிலும் பாட்டில் நீரே நல்லது. மூன்று நாடுகளும் ஒரே பேருந்துப் பயணத்தில் வருவதால், எல்லை தாண்டியதும் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

கலிலேயாக் கடலோரத்தில் பேதுரு மீன் என்று முழு மீனைப் பொரித்துத் தருவார்கள். அது திலாப்பியா, நம்மூர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனின் இனம். எண்ணெயில் முறுகப் பொரிந்து வருவதால் கவலையின்றிச் சாப்பிடலாம். முதுகுப்புறத்தை விரலால் பிளந்து, முள்ளருகே சதை வெள்ளையாக உதிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே பாதுகாப்பு அல்லவா?

எதைக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏத்தங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, முறுக்கு, சம்மந்திப்பொடி, கருப்பட்டி ஆகியவற்றில் ஈரம் குறைவு, கெடாது. அதிகாலையில் பொரித்த மீனும் தேங்காய் அரைத்த குழம்பும் அப்படியல்ல. வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பு, பறக்கும் நேரம், இறங்கி அறைக்குப் போகும் நேரம் எல்லாம் சேர்ந்து பாதி நாளுக்கு மேல் ஆகிவிடும். காற்றை உறிஞ்சிப் பொதிந்தால் கெடாது என்று கடையில் சொல்வார்கள். காற்றில்லாத இடத்திலேயே வளரும் கிருமிகளும் உண்டு, எனவே அந்தப் பொட்டலமும் குளிரில்தான் இருக்க வேண்டும். அன்போடு கட்டிக் கொடுத்ததை எறிய மனம் வராது என்பதால், கட்டுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். அரைத்த மசாலாவில் சேர்த்திருந்தாலும் சிக்கல்தான். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து செல்பவர்கள் எந்த உணவையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம்.

நாங்கள் சைவம். என்ன செய்வது?

தாய்லாந்தில் காய்கறி உணவிலும் மீன்சாறு ஊற்றுவார்கள், மலேசியாவில் கீரையிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். தாய்லாந்தில் மஞ்சள் பின்னணியில் சிவப்புத் தாய் எழுத்தில் 'ஜே' (เจ, சைவம்) என்ற குறி போட்ட கடைகளைத் தேடுங்கள். நிலக்கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அந்த நாட்டு மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

வயதானவர்களும் கர்ப்பிணிகளும் கூடுதலாக என்ன கவனிக்க வேண்டும்?

காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடும் பெரியவர்களுக்கு, கிருமியைக் கொல்லும் வயிற்று அமிலம் குறைந்திருக்கும். அதனால் தொற்று எளிதில் பிடிக்கும். சர்க்கரை மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், வயிற்றுப்போக்கு வந்தால் எவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ், பச்சை மீன், சூடாக்காத பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் இருக்கக்கூடிய லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் வளரும், கருவைப் பாதிக்கும்.

கிளம்பும் முன் தடுப்பூசி வேண்டுமா?

டைபாய்டுக்கும் ஏ வகை மஞ்சள் காமாலைக்கும் தடுப்பூசி உண்டு. போகும் நாட்டையும் வயதையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அங்கே வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

போன நீரை ஈடுகட்ட வேண்டும். ஊரிலிருந்தே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்துப் போங்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் பெரியவர்களுக்கு 200 முதல் 400 மில்லி, 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைக்கலாம். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது வங்காள அகதி முகாமில் காலராவுக்கு நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழி கொடுத்தே பலரைக் காப்பாற்றினார். இந்தப் பொட்டலத்தின் வரலாற்றில் அது முக்கியமான இடம். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று போட்ட இனிப்புப் பானங்களை நம்ப வேண்டாம். அப்படிப் பெயரிடுவதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்தது. கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிப்பது நல்ல துணை.

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை நீண்ட பேருந்துப் பயணத்தில் உதவும். காய்ச்சலோ இரத்தமோ இருந்தால் அதைப் போடக் கூடாது, சிறு குழந்தைகளுக்கும் கூடாது. ஆன்டிபயாட்டிக்கை ஊரிலிருந்தே வாங்கிப்போய்த் தாமாக விழுங்குவது பரவலான பழக்கம். தென்கிழக்கு ஆசியாவில் பல கிருமிகள் சிப்ரோபிளாக்சசின் போன்ற மருந்துக்கு மசிவதில்லை, எனவே மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். கோடீன், டிரமடால் சேர்ந்த வலி, இருமல் மருந்துகளை முன் அனுமதியில்லாமல் வளைகுடாவுக்குக் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ள நேரும். கை கழுவச் சோப்பு வேண்டும். நோரோ வைரசுக்கு ஆல்கஹால் கைத்தைலம் போதாது.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைந்து நிறம் அடர்வது, குழந்தை துவண்டு கிடப்பது ஆகிய எதுவும் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு உடம்பு சரியில்லையென்றால் அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். டைபாய்டு உடலுக்குள் போய் 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சலாக வெளிப்படும். ஏ வகை மஞ்சள் காமாலை 15 முதல் 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும், அதாவது பயணப் படங்களை உறவினர்களுக்குக் காட்டி முடித்து வெகு நாளான பிறகும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்குக்கு ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கக்கூடும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும், தெருமுனை மருத்துவரிடம் போனாலும், எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள், பச்சையாகவோ அரைவேக்காடாகவோ என்ன சாப்பிட்டீர்கள் என்ற மூன்றையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தப் பரிசோதனைக்கு எழுதுவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.